அறைக்குள் வராத மாணவர்கள்

ஒரு கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் 11 ஆண்டுகள் பணியாற்றினேன். ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் வாரத்திலும் புதிதாகச் சேர்ந்தவர்களை அரங்கில் அமரவைத்து, உளவள ஆலோசனை, உதவித்தொகை வழிகாட்டல், சிறப்பு வகுப்புகள், மாற்றுத்திறன் மாணவர்களுக்கான தேர்வு ஏற்பாடுகள், வேலைவாய்ப்பு வழிகாட்டல், குறைதீர் குழு என்று எங்களிடம் உள்ள உதவிகளை வரிசையாக எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. அந்த அரை மணி நேரத்தில் சொன்ன எதுவும் தேவைப்படும் நாளில் எவருக்கும் நினைவில் இருப்பதில்லை என்பது எனக்கு உறைக்கவே நான்கு ஆண்டுகள் ஆயின. வகுப்பறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, பக்கத்தில் உட்காரப்போவது யார் என்ற கவலையில் இருப்பவரிடம், ஆறு மாதங்கள் கழித்து வரக்கூடிய துன்பத்துக்கு இன்றே வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதை எனக்கு உணர்த்தியவர், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த ஓர் இரண்டாம் ஆண்டு மாணவர். படிப்பை நிறுத்தக் காரணம் என்ன என்று கேட்டபோது, "பிடிக்கவில்லை, மேடம்" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. பொறுமையாகக் கேட்ட பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கல்விக் கட்டணத்தின் இரண்டாம் தவணை பாக்கி இருந்தது. அதைச் சேர்க்க இரவு வேலைக்குப் போனார். இரவு விழித்ததால் காலை வகுப்புகள் தவறின. வருகைப்பதிவு குறைந்ததால் தேர்வு எழுத முடியாது என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு வகுப்புத் தோழர்களின் முகத்தில் விழிக்கவே அவருக்குக் கூசியது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. கட்டணத்துக்குக் கால நீட்டிப்பு, அவசர உதவி நிதி, வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் விண்ணப்பம், விட்டுப்போன பாடங்களுக்கு வகுப்பு, எல்லாமே இருந்தன. ஆனால் அவையெல்லாம் வேறு யாருக்கோ உரியவை என்று அவர் எண்ணியிருந்தார்.

அன்று நான் செய்தது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நான்கு அலுவலகங்களின் பெயர்களையும் அறை எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "போய்ப் பாருங்கள், தம்பி" என்று அனுப்பிவிட்டேன். என் வேலை முடிந்தது என்ற நிறைவுகூட இருந்தது. இரண்டு வாரங்கள் கழித்து அதே சான்றிதழைக் கேட்டு அவர் மறுபடியும் வந்தார். முதல் அறையில் உரிய அலுவலர் விடுப்பில் இருந்திருக்கிறார். மற்ற மூன்று இடங்களுக்கு இவர் போகவே இல்லை. சோர்ந்துபோன ஒருவருக்கு ஒரே ஒரு மூடிய கதவு போதும். இந்த முறை நானே கூட நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அவரை உட்காரவைத்து, அவருடைய நிலைமையை நானே எடுத்துச் சொன்னேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. அந்தப் பருவம் அவருக்கு வீணானது, படிப்பை முடிக்க ஓராண்டு கூடுதலாக ஆனது, ஆனால் முடித்தார். அதன் பிறகு யாரையும் நான் தாளுடன் மட்டும் அனுப்பியதில்லை.

சிறப்பு வகுப்புகளின் கதை வேறு. 'பின்தங்கிய மாணவர்களுக்கான வகுப்பு' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, யாரும் வரவில்லையே என்று நாங்களே வியந்துகொண்டிருந்தோம். அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு உள்ளே நுழைய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைக் கற்பித்தல் முறையைப் பற்றி அப்போதுதான் படித்தேன். தோற்கக்கூடிய மாணவர்களைத் தேடாமல், பலரும் தோற்கக்கூடிய பாடங்களைத் தேடுவதே அதன் அடிப்படை. மதிப்பெண் மிகக் குறைந்தவர்களும் பாதியில் விலகியவர்களும் சேர்ந்து 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் பாடத்தைக் கடினப் பாடம் என்று குறித்து, அதை ஏற்கெனவே நன்றாகப் படித்துத் தேறிய மூத்த மாணவர் ஒருவரைக் கொண்டு, அந்த வகுப்பில் உள்ள அனைவருக்கும் கலந்துரையாடல் நடத்துகிறார்கள். நாங்களும் பலகையில் பாடத்தின் பெயரை மட்டும் எழுதினோம். முதலில் வந்தவர்கள் முதல் மதிப்பெண் வாங்குபவர்கள். அவர்களுக்குப் பின்னால், யாருக்காக அந்த வகுப்பைத் தொடங்கினோமோ அவர்களும் கூச்சமின்றி வந்து உட்கார்ந்தார்கள்.

வேலைவாய்ப்பு வழிகாட்டலுக்கு விளம்பரமே தேவைப்பட்டதில்லை. இறுதியாண்டு வந்தால் அந்த அறை தானே நிரம்பிவிடும்.

உளவள ஆலோசகரின் அறை நெடுங்காலம் முதல்வர் அறைக்கு எதிரே இருந்தது. அங்கே காத்திருப்பவர் ஏதோ தவறு செய்து மாட்டிக்கொண்டவர் என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நூலகத்தின் மாடிக்கு அதை மாற்றச் சொல்லி மூன்று முறை கடிதம் எழுத வேண்டியிருந்தது. மனநலக் கோளாறுகளுள் ஏறக்குறைய முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. கல்லூரியில் கழியும் ஆண்டுகள் அந்த வயதுக்குள்ளேதான் அடங்குகின்றன. ஆனாலும் மாணவர்கள் முதலில் கேட்பது சிகிச்சையைப் பற்றியல்ல, "வீட்டுக்குச் சொல்வீர்களா?" என்பதைத்தான். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் ஒழிய, பேசியது அறையைத் தாண்டாது என்பதையும், அந்த விதிவிலக்கையும் சேர்த்தே முதல் சந்திப்பில் சொல்லிவிடுவது எங்கள் ஆலோசகரின் வழக்கம். விதிவிலக்கை மறைத்து வாங்கும் நம்பிக்கை நிலைக்காது என்பது அவருடைய கருத்து.

தேர்வு ஏற்பாடுகளில் எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்து வந்தது. எழுத்துக்களைப் படிப்பதில் இடர்ப்படும் ஒரு மாணவிக்குக் கூடுதல் நேரம் தந்தபோது, பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறார், மற்றவர்களுக்கு இது அநீதி இல்லையா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். சமமாக நடத்துவது என்றால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது என்று உண்மையாகவே நம்பியவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, உயர்கல்வியிலும் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது. அதை எடுத்துக் காட்டியதைவிட, அந்த மாணவி ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் தன் குறையைப் புதிதாக விளக்க நேர்கிறது என்று சொன்னதுதான் அவரைத் தொட்டது. அதன் பின், என்ன குறை என்பதைக் குறிப்பிடாமல், என்ன ஏற்பாடு வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் கடிதத்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே எல்லா ஆசிரியர்களுக்கும் நாங்களே அனுப்பினோம்.

கடைசி ஆண்டுகளில் அறிமுகக் கூட்டத்தில் பட்டியல் வாசிப்பதை விட்டுவிட்டேன். முதல் உள்தேர்வின் மதிப்பெண்கள் வெளியாகும் நாளிலும் கட்டணத்துக்கான கடைசி நாளுக்கு முந்தைய வாரத்திலும் வகுப்புகளுக்கு நேரில் போய் ஐந்து நிமிடங்கள் மட்டும் பேசுவேன். பேசி முடித்து நான் வெளியே வரும்போது, தாழ்வாரத்தில் யாராவது ஒருவர் பின்னால் வந்து, "என் நண்பருக்காகக் கேட்கிறேன், மேடம்" என்று தொடங்குவார். எந்த நண்பர் என்று நான் கேட்டதில்லை. ஆலோசகரைச் சந்திக்கும் நாளையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி, பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவேன்.