நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

ஹட்டன் பக்கம், கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் எங்கள் ஹொஸ்பிஸின் நிர்வாகக் குழுவில் சேர்ந்து இன்றோடு ஒரு வருடம். கூட்டங்களில் கணக்கு, கூரைத் தகரம், வேனுக்கு டீசல் என்று நேரம் போய்விடும்.

போன மாதம் தாதியோடு ஒரு லயத்துக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் போனேன். ஒரே காம்பரா, அடுப்புப் புகை. புற்றுநோயோடு படுத்திருந்த அம்மாவின் விரல்களில் கொழுந்து பறித்த காய்ப்பு அப்படியே இருந்தது. வலிக்கான சாதாரண மோர்பின் மாத்திரையை நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வலி ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. மகள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால்தான் பேர் விழும், அன்றைய சம்பளம் கிடைக்கும். அப்போ பகல் மருந்தை யார் கொடுப்பது?

"நான் இருக்கேன்தானே தம்பி," என்றார் அடுத்த காம்பரா அக்கா. மாத்திரை அட்டையை வாங்கி, நேரத்தைத் தாதியிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். புதுக் கட்டில்கள் பிறகு வரட்டும், முதலில் இப்படியான அயலவர்களுக்குப் பயிற்சி. சரி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. அந்த அக்காவும் வருகிறார்.