சேலத்து மொட்டை மாடியும் ஏசியின் மின்கட்டணமும்

பங்குனி பிறந்துவிட்டால் சேலத்தில் ஏசி விற்கும் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடுகிறது. எத்தனை டன், எத்தனை நட்சத்திரம், இன்வெர்ட்டரா இல்லையா, மாதத் தவணை எவ்வளவு என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கே உடனுக்குடன் விடை கிடைக்கும். அந்த ஏசி மாட்டப்போகும் அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை மட்டும் விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. மேலே இன்னொரு வீடு இருந்தால் ஒரு கணக்கு. வெறும் மொட்டை மாடி இருந்தால் முற்றிலும் வேறு கணக்கு. நம் ஊரில் தனி வீடுகளும் இரண்டு மாடி வீடுகளுமே அதிகம் என்பதால், பெரும்பாலான படுக்கையறைகள் வெயிலை நேரடியாக வாங்கும் கூரையின் கீழேதான் இருக்கின்றன. கோடையில் மின்கட்டணத்தைக் குறைக்க விரும்புபவர்கள் கையிலிருக்கும் பணத்தை முதலில் கூரைக்கும், பிறகுதான் இயந்திரத்துக்கும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பணக் கணக்கையே முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறுகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,725 ரூபாய் வந்தது; 600 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 2,750 ரூபாய் வந்தது. கூடுதலாகச் செலவான 100 யூனிட்டுக்கு 1,025 ரூபாய். 500-ஐத் தாண்டியவுடன் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் போய்விடுவதே இதற்குக் காரணம். விகிதங்கள் அதன் பிறகு மாறியிருக்கின்றன. இப்போதைய விகிதத்தை உங்கள் பில்லில் பார்த்துக்கொள்ளலாம். பழைய ஒன்றரை டன் ஏசி ஒன்று, அதன் கம்ப்ரசர் (குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுற்றவிடும் பாகம்) ஓடும்போது ஏறத்தாழ 1,600 வாட் இழுக்கிறது என்றும், இரவு எட்டு மணி நேரத்தில் முக்கால் பங்கு நேரம் கம்ப்ரசர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஓர் இரவுக்கு ஒன்பதரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 570 யூனிட்டுக்கு மேல். வீட்டின் மற்ற எல்லாப் பயன்பாட்டையும் ஒதுக்கிவிட்டாலும் அந்த ஒற்றை இயந்திரமே நம்மை மேல்படிக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே, இரவுக்கு இரண்டு யூனிட் குறைத்தாலும் அந்தக் குறைவு மிக விலையுயர்ந்த யூனிட்டுகளிலிருந்துதான் கழியும்.

இனி வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். வடக்கே நகரமலையும் சேர்வராயன் மலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ, ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல் சேலம் அமைந்திருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கிடைக்கும் ஏற்காட்டுக் குளிர் அடிவாரத்துக்கு இறங்கி வருவதில்லை. இரண்டுக்கும் இடையே 1,200 மீட்டருக்குக் குறையாத உயர வேறுபாடு இருப்பதால், அங்கே எட்டு டிகிரி அளவுக்கு வெப்பம் குறைவாக இருக்கும்போது இங்கே சித்திரை மதியத்தில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் நம் அறைகளைச் சுடவைப்பதில் காற்றின் வெப்பத்தைவிடக் கூரையின் வெப்பத்துக்கே பங்கு அதிகம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் ஏறத்தாழ 1,000 வாட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. நாள்பட்டுக் கறுத்துப்போன சிமென்ட் தளம் அதில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கான்கிரீட் அந்த வெப்பத்தை உடனே கீழே விடுவதில்லை. பல மணி நேரம் தனக்குள் வைத்திருந்து, மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஏசியைப் போடும்போது வெளியே காற்று ஓரளவு ஆறியிருக்கும். ஆனால் கட்டில் மேல் ஏறி நின்று கையைத் தூக்கி உள்கூரையைத் தொட்டால் சூடு தெரியும். ஏசி குளிர்விப்பது அறையிலுள்ள காற்றை மட்டுமாக இருந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். தலைக்கு மேலிருக்கும் பல டன் எடையுள்ள கான்கிரீட்டின் சூட்டோடு அது இரவெல்லாம் மல்லுக்கு நிற்கிறது.

இதற்கு நம் பெரியவர்கள் கண்ட வழிகள் இன்றும் செல்லுபடியாகின்றன. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துச் ‘சுருக்கி’ என்னும் காப்பு அடுக்கைப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்த வீடுகள் வெறும் சிமென்ட் பூச்சு மட்டும் உள்ள வீடுகளைவிடக் குளிர்ச்சியாக இருப்பதை யாரும் உணரலாம். கட்டி முடித்த வீட்டில் அதைச் செய்வது செலவு பிடிக்கும். வெள்ளையடிப்பது எல்லோராலும் முடியும். அம்மாபேட்டையில் என் மாமா வீட்டு மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தபோது நானும் கூட இருந்தேன். கல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் நீற்றி, கொதிப்பு அடங்கிய பிறகு துணியில் வடிகட்டி, ஒட்டிப் பிடிப்பதற்காக வஜ்ரப் பசை கலந்து, தளத்தை நன்றாகக் கூட்டிக் கழுவி, ஈரம் காய்வதற்குள் முதல் பூச்சையும் அது உலர்ந்த பின் இரண்டாவது பூச்சையும் அடித்தோம். நீற்றும்போது சுண்ணாம்பு தெறித்தால் கண் போய்விடும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது, கண்ணாடியும் கையுறையும் அணியாமல் கிட்டே போகக் கூடாது. பாதி மாடி மட்டும் முடிந்திருந்த ஒரு மதியம், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வெள்ளைப் பகுதியிலும் மறு காலைப் பழைய சிமென்டிலும் வைத்துப் பார்த்தேன். சிமென்டில் வைத்த காலை உடனே எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளையில் வைத்த கால் அப்படியே நின்றது. அதைப் பார்த்த பிறகு மாமாவுக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

நல்ல வெள்ளைப் பரப்பு, புதிதாக இருக்கும்போது, விழும் வெயிலில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பின் குறை, மழையில் கரைவதும் தூசி படிந்து மங்குவதும்தான்; ஆண்டுதோறும் மாசி மாதக் கடைசியில் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும். கடைகளில் கிடைக்கும் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் விலை கூடுதல், ஆனால் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். எதை அடித்தாலும் கோடைக்கு முன் ஒருமுறை மாடியைக் கழுவிவிட வேண்டும். தூசி மூடிய வெள்ளை, வெள்ளையின் வேலையைச் செய்யாது. பந்தல், பச்சை வலை போன்ற நிழல் வழிகளில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நிழலுக்கும் தளத்துக்கும் இடையே காற்று ஓடுமளவு இடைவெளி இருக்க வேண்டும். கூரை மேல் சூரிய மின் தகடு பதிப்பவர்களுக்கு இந்த நிழல் கூடுதல் பலன். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இருந்தாலும், சூடான கூரையின் கீழ் ஏசியை ஓட்டுவதற்காகத் தகடு வாங்குவதைவிட, முதலில் கூரையை ஆற்றிவிட்டுத் தேவையைக் குறைத்துக்கொண்டு அதற்கேற்ற அளவில் வாங்குவதே அறிவுடைமை.

மேற்குச் சுவருக்கும் மேற்கு சன்னலுக்கும் இதே நியாயம்தான். கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெயில் ஏற்கெனவே உள்ளே வந்த பிறகு தடுக்கிறது. வெளியே தொங்கும் மூங்கில் தட்டி, வருவதற்கு முன்பே தடுக்கிறது.

சேலத்துக்காரர்களுக்குச் சென்னைவாசிகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. கடற்காற்றின் ஈரம் இங்கே இல்லை. மார்ச் தொடங்கிக் கோடை மழை வரும் வரை மதிய நேரக் காற்று நன்கு வறண்டிருக்கிறது. வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும் என்பதால், சென்னையில் புழுக்கத்தை மட்டுமே கூட்டும் ஏர் கூலர் இங்கே உண்மையாகவே குளிர்விக்கிறது. வீட்டுக் கூலர் ஒன்று 150 முதல் 200 வாட் அளவில்தான் மின்சாரம் எடுக்கும். ஒரு சன்னலைத் திறந்துவைத்தே அதை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் ஈரம் அறைக்குள்ளேயே தேங்கிவிடும். ஏசி ஓடும் அறையில் கூலரையும் சேர்த்து ஓட்டுவது கூடவே கூடாது. கூலர் சேர்க்கும் ஈரத்தை அகற்றுவதற்கே ஏசி தன் சக்தியைச் செலவிடும். சேர்வராயன் பக்கம் இடி இடித்து மழை பெய்த மாலைகளில் கூலர் பயன்படாது. அன்றைக்கு ஏசி ஓடட்டும். பகலில் கூலர், இரவில் ஏசி என்று பிரித்துக்கொண்டால் பில்லில் வித்தியாசம் தெரியும். அதேபோல, இரவு ஏசியைப் போடுவதற்கு முன்பு சன்னல்களைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கால் மணி நேரம் ஓட்டி, பகலெல்லாம் அடைபட்டிருந்த சூட்டை வெளியேற்றிவிட்டால், இயந்திரத்தின் முதல் ஒரு மணி நேரப் பாடு குறைகிறது.

இயந்திரத்துக்கு வருகிறேன். 2020 ஜனவரியிலிருந்து விற்கப்படும் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் ஆறு சதவீத அளவுக்கு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்லிவருகிறது. மின்விசிறியைக் கூடவே ஓட்டினால் 26, 27 டிகிரியிலும் சுகமாகத் தூங்கலாம். பழைய விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. என்னும் புதிய வகை மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவில் முடித்துக்கொள்கிறது. சீக்கிரம் குளிரட்டும் என்று 16-க்கு இறக்கி வைப்பதால், இன்வெர்ட்டர் (கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத ஏசி ஒரு நிமிடம்கூட முன்னதாகக் குளிர்விக்காது. எல்லோரும் தூங்கிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நட்சத்திர அட்டையில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட், 1,600 மணி நேரப் பயன்பாட்டை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஆண்டில் நாலு மாதம் இரவு மட்டும் ஓட்டும் வீட்டில் பயன்பாடு 1,000 மணி நேரம்கூட வராது. அங்கே ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்பிவர நாளாகும் என்பதையும் வாங்குமுன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அவுட்டோர் யூனிட்டை வைக்கும் இடத்தைப் பற்றி நான் காண்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை அது வெளிக்காற்றில் கொட்ட வேண்டும். சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு கடினமாகக் கம்ப்ரசர் உழைக்க வேண்டும். இரண்டு வீடுகளுக்கு இடையே உள்ள குறுகிய சந்தில் வைத்தால், அது ஊதிய சூடான காற்றையே மறுபடியும் இழுத்துக்கொள்கிறது. பாதுகாப்புக்காகக் கம்பிக் கூண்டு போடுபவர்கள், முன்பக்கக் காற்றை மறைக்கும் தகரத்தையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அதை எடுத்துவிட வேண்டும். மேலே தனியாக ஒரு நிழல் தட்டு போதும். சாலையோர வீடுகளில் அதன் பின்பக்கத் தகடுகளுக்கிடையே புழுதி அடைத்துக்கொள்ளும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே கழுவலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. ஆண்டுதோறும் சர்வீஸுக்கு வருபவர்களில் சிலர், “கேஸ் கம்மியா இருக்குங்க, போட்டாத்தான் கூலிங் வரும்” என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஏசியிலுள்ள கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகும் பொருளே அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் செம்புக் குழாயும் யூனிட்டும் சேரும் நட்டில்தான் கசியும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி கிளம்பிக் காட்டிக்கொடுத்துவிடும். கசிவை அடைத்து, வேக்யூம் பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, யூனிட்டின் மேல் எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்புவதே முறையான வேலை. வருபவரிடம் மரியாதையாகவே, “கசிவு எங்கேன்னு காட்டுங்க தம்பி, அப்புறம் போடலாம்” என்று கேளுங்கள்.

மாற்றங்கள் பலன் தருகின்றனவா என்று அறிய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. மின்சார மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பதும் அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். அது 3,200 என்றால், ஏசி ஓடும்போது ஒரு நிமிடத்தில் 80 முறை மினுக்கினால் அந்த நேரத்தில் வீடு 1,500 வாட் எடுக்கிறது என்று பொருள். இன்னும் எளிய வழி, படுக்கப் போகும்போதும் காலையில் எழுந்தவுடனும் ரீடிங்கைக் குறித்துவைப்பது. மாமா காலண்டர் தாளிலேயே குறிக்கிறார். வெள்ளையடித்ததற்கு முந்தைய வார எண்களும் பிந்தைய வார எண்களும் ஒரே தாளில் இருப்பதால், பார்க்க வருபவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் நிலைதான் சங்கடமானது. கூரை வீட்டுக்காரருடையது, பில் குடியிருப்பவருடையது; வெள்ளையடித்தால் யாருக்கு லாபமோ அவருக்கு மாடியில் உரிமை இல்லை. இதில் வீட்டுக்காரருக்கும் ஒரு நன்மை இருப்பதை எடுத்துச் சொல்லலாம். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும்தான் தளத்தில் விரிசல் விடுகிறது, அந்த விரிசல் வழியாகத்தான் ஐப்பசி மழையில் ஒழுகுகிறது. வெள்ளைப் பூச்சு அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது. சுண்ணாம்புச் செலவைக் குடியிருப்பவரும் ஆள்கூலியை வீட்டுக்காரரும் ஏற்பது என்று பேசி முடித்த வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. அதற்கும் இணங்காத இடத்தில், வெளிப்பக்கத் தட்டி, பி.எல்.டி.சி. விசிறி, கூலர் ஆகிய மூன்றும் வீடு மாறும்போது நம்மோடு வண்டியில் ஏறி வந்துவிடும் பொருள்கள் என்பதால், அவற்றுக்குப் போடும் பணம் வீணாவதில்லை.