எச்1 காணாமல் போன வைவா

நேற்று ரிசல்ட் வந்தது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் பாஸ்தான், ஆனால் வைவாவில் நான் எதிர்பார்த்ததில் பாதிதான் போட்டிருக்கிறார்கள். டிரோசோஃபிலா (பழ ஈ) குரோமோசோம் புரதம் என்று தலைப்பு எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

எல்லாம் கெட்டது பிஎம்எஸ்எஃப்பால், அதாவது புரதங்களை வெட்டும் புரோட்டியேஸ் என்சைம்களைத் தடுக்கச் சேர்க்கும் ரசாயனத்தால். காலையில் பஃபர் கலக்கும்போதே அதையும் ஊற்றிவைத்துவிட்டேன். ஈயின் கருக்களை (எம்ப்ரியோ) சேகரித்து, பிளீச்சில் மேல் உறையை நீக்கி, அரைத்து, நியூக்ளியஸைப் பிரிக்கத் தொடங்கும்போது மணி இரண்டு. தண்ணீரில் பிஎம்எஸ்எஃப் தாங்காது. 25 டிகிரியில் பிஎச் 7.5 என்றால் 55 நிமிடத்தில் பாதி போய்விடும், 8 என்றால் 35 நிமிடம்தான். டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் புரோட்டியேஸ் எளிதில் கடித்துவிடுவது எச்1ஐ. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் நான்கு கோர் ஹிஸ்டோன்களும் அடியில் அழகாக நிற்க, எச்1 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தீற்றல். அதைத் தீசிஸில் "எச்1 குறைவாக உள்ளது" என்று எழுதியிருந்தேன், என்ன தைரியமோ. வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஜெல் படத்தைப் பார்த்ததும் கேட்டார்: "ஈயில குறைவா, உங்க டியூப்லயா?"

அதன்பிறகு நான் எதையும் நிதானமாகச் சொல்லவில்லை. கேட்டவை:

- 5% பெர்குளோரிக் அமிலத்தில் எச்1 கரைகிறது, கோர் ஹிஸ்டோன்கள் ஏன் கரைவதில்லை?
- எச்1 ஜெல்லில் தன் எடைக்குரிய இடத்துக்கு மேலே ஓடுவது ஏன்? (லைசின் அதிகம். இதற்கு மட்டும் உடனே சொன்னேன்.)
- 0.35 மோலார் உப்புச் சாற்றில் 45 கிலோடால்டன் அருகே அந்தத் தடித்த பேண்ட் என்ன? டி1 என்ற குரோமோசோம் புரதம் என்றேன். மஞ்சள் கருப் புரதமாக இருக்கலாமே என்றார், வாயடைத்துப் போனேன்.
- டி1 குரோமோசோமில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

கடைசிக் கேள்விக்கு "நியூக்ளியஸிலிருந்துதானே எடுத்தேன்" என்று சொல்லாதீர்கள். லார்வாவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அவ்வளவு பெரிய பாலிடீன் குரோமோசோம்கள் (பல இழைகள் சேர்ந்து தடித்தவை) இருக்க, புரதம் எங்கே ஒட்டுகிறது என்று ஆன்டிபாடி வைத்து நேரில் பார்க்கலாம் என்னும்போது இதை எந்த எக்ஸாமினரும் ஏற்க மாட்டார். 1986இல் எச்பி1 என்ற குரோமோசோம் புரதம் வெளிச்சத்துக்கு வந்ததே, நியூக்ளியஸ் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி ஒன்று இந்தக் குரோமோசோம்கள் ஒன்றுசேரும் நடுப்பகுதியான குரோமோசென்டரில் போய் ஒட்டியதால்தான்.

நான் செய்யச் சொல்வது: பிஎம்எஸ்எஃப்பை ஐசோபுரோபனாலில் தனியாக வைத்து, ஒவ்வொரு படியிலும் பஃபரை ஊற்றுவதற்குச் சற்றுமுன் சேருங்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் எடுத்துவைத்து, எல்லாவற்றையும் ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். சேர்த்த நேரத்தை டியூப் மூடியிலேயே எழுதுங்கள். நான் பதற்றக்காரன், எனக்கு இது தேவை. உங்களுக்கு வேண்டாம் என்றால் விடுங்கள்.

வைவா முடிந்த மறுவாரம் மைனஸ் 80இல் மிச்சமிருந்த கருக்களை எடுத்து மறுபடி செய்தேன். எச்1 வந்தது, தடியாக, தெளிவாக. கைடு பார்த்துவிட்டு "இத அப்பவே செஞ்சிருக்கலாம்ல" என்றார்.