நிலா எங்கே வரும் என்று போன் சொல்லும்

படம் எடுப்பவர்களுக்கு எந்த ஆப் நல்லது என்று தேடினால் வருகிற பட்டியல்களில் பெரும்பாலும் ஃபில்டர் ஆப்கள்தான். முகத்தை வெளுக்க ஒன்று, வானத்தை மாற்ற ஒன்று, பின்னணியை மங்கலாக்க இன்னொன்று. எனக்கு அதில் ஆர்வமே வந்ததில்லை. வானத்தை மாற்றுவதைவிட, அந்த வானம் வருகிற நாளில் அங்கே போய் நிற்பதுதான் நம் வேலை என்று நினைப்பவன் நான். அதனால் ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் உதவுகிற செயலிகளுக்குத்தான் என் போனில் முதல் இடம்.

அதில் முதன்மையானது ஃபோட்டோபில்ஸ். ஸ்பெயினின் மெனோர்கா தீவில் இருக்கும் ஒரு குழு செய்தது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஆனால் ஒரு தடவை கொடுத்தால் போதும். மேப்பில் நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் பின்னை வைத்தால் அன்றைக்குச் சூரியனும் நிலாவும் எந்தத் திசையில் எழும், எங்கே மறையும், எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அங்கேயே போய் நின்று போனைத் தூக்கிப் பிடித்தால் கேமரா காட்சியின் மேலேயே அந்தப் பாதை தெரியும்.

இதன் அருமை புரிய வேண்டும் என்றால் கோபுரத்துக்குப் பின்னால் பெரிய நிலா எழும் படத்தை யோசித்துப் பாருங்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்வோம், உயரம் சுமார் 72 மீட்டர். வானத்தில் நிலாவின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரி. 1 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அந்த அரை டிகிரி கோபுரத்தின் மேல் கிட்டத்தட்ட 9 மீட்டர் அளவுக்கு வரும், 2 கிலோமீட்டர் தள்ளிப் போனால் 17 மீட்டர், அதாவது கோபுர உயரத்தில் கால்வாசி. பக்கத்தில் நின்று வைட் லென்ஸில் எடுத்தால் வெறும் புள்ளிதான். கோபுரத்தோடு ஒப்பிடும்போது நிலாவைப் பெரிதாக்குவது தூரம், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் அந்தக் காட்சியை ஃபிரேமுக்குள் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

சரி, தூரம் கிடைத்துவிட்டது, நேரம்? 1 கிலோமீட்டரிலிருந்து கோபுர உச்சி தொடுவானத்துக்கு 4 டிகிரி மேலே இருக்கும். நம் பக்கம் நிலா கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும், ஆகவே உதித்துக் கால் மணி, இருபது நிமிடத்துக்குள் கலசத்தின் உயரத்துக்கு வந்துவிடும். தன் அகலத்தைத் தாண்ட அதற்குச் சுமார் 2 நிமிடம் போதும். நீங்கள் நிற்கும் இடம் பக்கவாட்டில் 9 மீட்டர் விலகினால் நிலாவும் ஒரு நிலா அகலம் விலகி நிற்கும். தினசரி காலண்டர் பௌர்ணமி என்றைக்கு என்று சொல்லிவிடும், இந்தக் கணக்கை யார் போடுவது? ஃபோட்டோபில்ஸில் திசையையும் உயரத்தையும் கொடுத்து, எந்தெந்தத் தேதிகளில் நிலா அங்கே வரும் என்று தேடவே முடியும். ராஜகோபுரத்துக்கு மேற்கே ஒரு மொட்டைமாடி கிடைக்கிறதா என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: பௌர்ணமி அன்றைக்கே எடுக்கணும் என்று அடம் பிடிக்காதீர்கள். நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. முந்தின நாள் போனால் சூரியன் மறைவதற்குள் நிலா மேலே வந்துவிடும், கோபுரத்தில் வெளிச்சம் இருக்கும்போதே இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில், அதாவது ஒரே வெளிச்ச அமைப்பில், பிடித்துவிடலாம்.

காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்கள் வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியின் இலவசப் பதிப்பிலேயே திசை, உயரம் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். கன்னியாகுமரி போகிறவர்களுக்காவது இது கட்டாயம் வேண்டும். அங்கே ஜூனில் சூரியன் உதிக்கும் திசைக்கும் டிசம்பரில் உதிக்கும் திசைக்கும் 47 டிகிரி வித்தியாசம். ஒரு மாதத்தில் திருவள்ளுவர் சிலையோடு சேர்ந்து கிடைக்கும் சூரியன், இன்னொரு மாதத்தில் அதே இடத்தில் நின்றால் வேறெங்கோ எழும்.

பால்வெளி எடுக்க நினைப்பவர்களுக்கு நாம் இருக்கும் இடமே ஒரு வரம். பால்வெளியின் மையம் தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. லண்டனில் அது தொடுவானத்துக்கு மேல் 10 டிகிரியைக்கூட எட்டாது, தஞ்சாவூரில் 50 டிகிரி வரை ஏறும். மார்ச்சில் விடியற்காலை, மே மாதத்தில் நள்ளிரவு தாண்டி, அமாவாசையை ஒட்டி. நட்சத்திரம் கோடாக நீளாமல் புள்ளியாகவே விழ ஷட்டர் எத்தனை நொடி திறந்திருக்கலாம் என்பதற்கு 500 விதி என்று ஒன்று சொல்வார்கள், 500ஐ லென்ஸின் ஃபோகல் லெங்த்தால், அதாவது அதன் மி.மீ. எண்ணால், வகுப்பது. ஃபுல் ஃபிரேமில், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமராவில், 24 மி.மீ. லென்ஸ் என்றால் 20 நொடி. இன்றைய அதிக மெகாபிக்சல் கேமராக்களில் அந்த 20 நொடியில் நட்சத்திரம் லேசாகக் கோடு இழுக்கும். ஃபோட்டோபில்ஸிலேயே என்பிஎஃப் என்ற இன்னும் கறாரான கணக்கும் இருக்கிறது, அதையே நம்புங்கள்.

மேகத்தைப் பார்க்க விண்டி என்ற வானிலை ஆப். மற்ற வானிலை ஆப்கள் மழை வருமா வராதா என்பதோடு நிறுத்திவிடும், இதில் தாழ்ந்த மேகம், நடு மேகம், உயர்ந்த மேகம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். உயரத்தில் மெல்லிய மேகமும் தொடுவானத்தில் இடைவெளியும் இருந்தால் சாயங்காலம் வானம் சிவக்க நல்ல வாய்ப்பு. தாழ்ந்த மேகம் மூடியிருந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

பறவைப் படம் எடுப்பவர்கள் மெர்லினை உடனே இறக்கிக்கொள்ளுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் தருவது, முழுக்க இலவசம். சத்தத்தைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும். நம் ஊர்ப் பறவைகளுக்கான தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள், புதருக்குள் தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும், கண்ணில் படாது, காலையிலும் மாலையிலும் குரல் மட்டும் வரும். குரல் எந்தப் புதரிலிருந்து என்று தெரிந்தால் உட்கார்ந்து காத்திருக்கலாம். ஆனால் தயவுசெய்து, அதே செயலியில் இருக்கும் ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும். கூடு கட்டும் காலத்தில் இது பெரிய கொடுமை. ஒரு படத்துக்காக அதைச் செய்வதை என்னால் ஏற்கவே முடியாது.

போன் கேமராவிலேயே எடுப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டில் ஓபன் கேமரா. இலவசம், விளம்பரம் இல்லை, போன் அனுமதித்தால் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), ஷட்டர், ஃபோகஸ் எல்லாம் கையால் வைக்கலாம், சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைலும் கிடைக்கும். தோற்றம் பழைய மாதிரி இருக்கும், பழகிவிடும்.

எடிட்டிங்குக்கு இன்னமும் ஸ்னாப்சீட்தான். 2011இல் நிக் சாஃப்ட்வேர் கொண்டுவந்தது, அடுத்த வருடம் கூகுள் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அதில் செலக்டிவ் என்று ஒரு கருவி உண்டு: நிழல் விழுந்த முகத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து விரலை நகர்த்தினால் முகம் மட்டும் வெளுக்கும், பின்னாலிருக்கும் வானம் அப்படியே இருக்கும். கல்யாண வீட்டில் ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்த படங்களை இது ஒன்றே தேற்றிவிடும். லைட்ரூம் இதைவிட ஆழமானதுதான், ஆனால் அதன் முக்கியமான சில கருவிகள் சந்தா கட்டினால்தான் திறக்கும்.

கடைசியாக, படத்தை அனுப்புவது. வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பிரிண்ட் போடுகிறவருக்கு அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், முழுத் தரத்தில் போகும். அப்படிப் போகும்போது படத்துக்குள் பதிந்த இடக்குறிப்பும் கூடவே போகும் என்பதையும் கவனியுங்கள். வீட்டில் எடுத்த குழந்தைப் படம் என்றாலும் சரி, ஆந்தைக் கூடு என்றாலும் சரி, அந்த இடம் யார் கைக்கும் போகக்கூடாது. போன் கேமராவின் செட்டிங்ஸில் லொக்கேஷனை அணைத்துவிடலாம். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு, ஐபோனில் பகிரும்போதே ஆப்ஷன்ஸில் லொக்கேஷனை நீக்க வசதி இருக்கிறது. கூடு இருக்கும் படத்தை எங்கே போட்டாலும் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கமென்டில் எத்தனை பேர் கேட்டாலும்.