கூலிக்குத் தயிர், காஸுக்குக் காசு

திருகோணமலையில் பிரிட்ஜ், ஃபிரீசர், ஏசி திருத்துகிறவனுக்குப் படியளப்பது கடல்தான். உப்புக்காற்றுக்கு எந்தக் கொம்பனிப் பெயரும் தெரியாது. வெளியே மாட்டிய ஏசி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் சில வருடங்களில் விரல் பட்டாலே உதிர்ந்து கொட்டும். பிரிட்ஜின் அடித்தகடு துருவேறிப் பொரிந்து போகும். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் கரையோரம் ஒருமுறை போய் வந்தாலே வாரத்துக்கான வேலை கிடைத்துவிடும். வேலைக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான் பஞ்சம். அதுவும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இல்லை.

இந்த ஊரில் காசு வரும் மாதம் ஆளுக்கு ஆள் வேறு. விடுதி நடத்துகிறவருக்குச் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் கை நிறையும். தம்பலகாமத்து வயல்காரருக்கு மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை, பிறகு ஆவணியில் சிறுபோகம். கடற்காரருக்கு வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வள்ளம் கரையில்தான் கிடக்கும். பிரிட்ஜ் பழுதாவதற்கோ அப்படிப் போகம், பருவம் ஒன்றும் கிடையாது. மார்கழி மழையில் கொம்பிரசர் எரிந்துபோன விடுதிக்காரர் என்ன செய்வார்? "இப்ப கையில ஒண்டும் இல்லை, வேற ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்பார். பண்டமாற்று என்னிடம் வந்தது இப்படித்தான். நான் அதைத் தேடிப் போகவில்லை.

எனக்குத் தொழில் பழக்கிய மாஸ்டரும் தேங்காய், நெல், கோழி என்று வாங்கியவர்தான். அவருக்கு முந்திய தலைமுறையில் முடிதிருத்துகிறவருக்கும் கொல்லருக்கும் அறுவடைக் களத்திலேயே நெல் அளந்து கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய தொழிலில் கைவேலைதான் பெரும்பங்கு. என் தொழில் அப்படியில்லை. ஒரு பிரிட்ஜுக்குக் குளிராக்கும் காஸ் அடிப்பதென்றால் சிலிண்டர், ஃபில்டர், வெள்ளி ஒட்டுக்கம்பி எல்லாம் கொழும்பிலிருந்து காசு கொடுத்து வந்தவை. காஸிலும் வகை உண்டு: பழைய பிரிட்ஜுக்கு 134ஏ, புதியதுக்கு 600ஏ. இந்த 600ஏ தீப்பிடிக்கக்கூடியது, அளவும் கிராம் கணக்கு. ஐம்பது அறுபது கிராம் என்றாலும் அந்தச் சிலிண்டர்க்காரர் என்னிடம் சூடை மீன் வாங்கமாட்டார்.

அதனால் எனக்கென்று ஒரு விதி உண்டு. சாமானுக்கும் காஸுக்கும் காசு. என் கூலிக்கு மட்டும் பொருள். ஃபிரீசரைத் திறக்க முதலே இதைச் சொல்லிவிடுவேன். கேட்டவுடன் சிலருக்கு முகம் மாறும். "முழுக்கப் பொருளா எடுத்தா என்ன குறைஞ்சு போகுது?" என்பார்கள். எனக்குக் குறையும். கூலியைப் பொருளாக வாங்கினால் என் நேரத்தைத்தான் மாற்றுகிறேன். சாமானையும் அப்படிக் கொடுத்தால் கையிலிருந்து காசு போட்டு அவருடைய தயிரை வாங்குகிறேன் என்று அர்த்தம்.

இந்த விதி நன்றாக அடிபட்டு, வளைந்து, கடைசியில் நிலைத்து நின்றது 2022இல். அந்த வருடம் பங்குனி மாதத்தில், ரூபாயின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று அதை மிதக்க விட்டார்கள். 200 அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 வரை ஏறியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கரண்ட் போய்ப் போய் வந்தால் கொம்பிரசருக்கு அது சித்திரவதை. ஓடிக்கொண்டிருந்தது நின்று, உள்ளே அழுத்தம் இறங்க முதல் திரும்பத் தொடங்கப் பார்த்து, ரிலே கருகி, சுருள் எரியும். எனக்கு அவ்வளவு வேலை அதற்கு முன் வந்ததில்லை, அவ்வளவு குறைவாகக் காசும் வந்ததில்லை. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனபோது என்ஜின் வள்ளம் வைத்திருந்தவர்களும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் ஒன்று குறைய நூறு நிற்கின்றன, பெரும்பாலானவை காட்டுக்குள். எங்களுக்கோ ஓட்டோவுக்கு ஊற்றப் பெற்றோல் இல்லை.

மூதூர்த் தயிர் வியாபாரி ஒருவருடைய பெரிய ஃபிரீசர் படுத்தது அந்த நாட்களில்தான். எருமைத் தயிர். மண் சட்டியில் உறைய வைத்து, மேலே தாள் கட்டி, கிண்ணியாப் பாலத்தால் தினமும் ரவுனுக்கு வரும். 2009இல் பாலம் திறக்க முதல் 'பாதை' என்கிற மிதவையில் ஏற்றி இறக்கி, அதில் உடையும் சட்டிகளைத் தனிக்கணக்காக எழுதியவர் அவர். அண்ணன் முறைக்கு நான் 'நானா' என்று கூப்பிடுகிறவர், என்னைப் பார்த்தவுடன் சொன்னார்:

"தம்பி, சல்லி இல்ல. தயிர்தான் இருக்கு. வண்டி நிறைய ஏத்தி விடட்டா?"

"நானா, வண்டி நிறையத் தயிரை வச்சு நான் என்ன செய்ய? நாலு நாளில புளிச்சுப் போகும்."

"அப்ப கடைக்கு வித்துரு."

"உங்கட தயிரை விக்கிற கடைக்கு நானும் கொண்டு போனா அவர் உங்களிட்ட எடுக்கிறதைத்தானே குறைப்பார்?"

அவர் சிரித்துவிட்டார். கடைசியில் சாமானுக்கான காசை இரண்டு தவணையாகத் தருவதென்றும், கூலிக்கு வாரத்தில் இரண்டு நாள் இரண்டிரண்டு சட்டி என்றும் முடிவாகியது. பஸ்ஸில் கொடுத்துவிடுவார், அநுராதபுரச் சந்தியில் என் கடைப் பொடியன் இறக்குவான். அழுகும் பொருளை மொத்தமாக வாங்கக் கூடாது, ஒழுக்காக, அதாவது கொஞ்சம் கொஞ்சமாக, வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவானது அப்போதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒழுக்காக வாங்குகிறவன் கடன் கொடுத்தவன். விலைகள் வாரத்துக்கு வாரம் ஏறும் காலத்தில் அந்தக் கடனை எதில் எழுதுவது? ரூபாயில் எழுதினால் ஒவ்வொரு வாரமும் சட்டி எண்ணிக்கை குறையும், நட்டம் எனக்கு. சட்டியில் எழுதினால் நட்டம் அவருக்கு. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம் என்று அறிவித்தார்கள். பால், வைக்கோல், சட்டி, லொறிக்கூலி எல்லாம் ஏறின. நாங்கள் எழுதியிருந்தது சட்டிக் கணக்கு. கடைசிச் சட்டி வரும்போது அதன் கடை விலை முதல் சட்டியின் விலையைவிட எவ்வளவோ கூட. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு சட்டி குறைக்கவுமில்லை. கடைசி மாதத்தில் நானாகவே ஒருமுறை போய்க் கண்டென்சரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை வியாபாரம் என்பதா வேறு என்ன என்பதா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் விலை ஓடுகிற காலத்தில் பொருள் கணக்குத்தான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நாடுகளே அப்படிச் செய்திருக்கின்றன. 1952இல் இலங்கை சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கியது. வருடத்துக்கு 50,000 தொன் ரப்பருக்கு 2,70,000 தொன் அரிசி. 2021 கடைசியில் ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய பழைய எண்ணெய்க் கடனை, 251 மில்லியன் டொலரை, மாதம் 5 மில்லியனுக்குத் தேயிலையாகக் கொடுப்பதென்று ஒப்பந்தம் போட்டார்கள். எண்ணெயை எரித்து முடித்து வருடக் கணக்கான பிறகு தேயிலை. எனக்கும் அப்படி இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் உண்டு.

மீன் விசயம் வேறு. திருக்கடலூரில் ஒருவர் வருடாவருடம் ஃபிரீசர் வேலைக்கு மீன்தான் தருவார். சூடை, கீரி, நெத்தலி எல்லாம் வரும். அறுக்குளா ஒருநாளும் வராது. அறுக்குளா பட்டால் அன்றைக்கே ஐஸ் பெட்டிக்குள் போய்க் கொழும்பு லொறியில் ஏறிவிடும். இதில் ஏமாற்று எதுவுமில்லை. பொருளாகக் கொடுக்கிறவர் காசாக்க முடியாததைத்தான் கொடுப்பார். அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்வேன். ஆகவே அவர் சொல்லும் விலையில் அல்ல, அன்றைக்குக் கரையில் போகிற விலையில்தான் கணக்கு. சூடை குவிந்து கிடக்கும் நாளில் அந்த விலை என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மனைவிக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும். "இஞ்ச பாருங்கோ, இனி ஒரு கிலோ சூடை இந்த வாசலால வந்தா நீங்களே இருந்து செதிள் எடுக்க வேணும்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டா. நியாயம்தான். பண்டமாற்றின் களஞ்சியம் வீடு, அதன் பொறுப்பாளர் அவ. வெட்டி, கழுவி, உப்புப் போட்டுக் கருவாடாக்கும் நேரத்துக்கு எந்தக் கணக்கிலும் கூலி எழுதவில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுத்துக் கேட்காமல் எந்தப் பொருளுக்கும் ஓம் சொல்வதில்லை.

நெல்லைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இதில்தான். வெட்டு மெசினிலிருந்து நேரே மூட்டையில் விழுந்த நெல்லில் ஈரம் இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீத ஈரம். 20 சதவீத ஈரத்தோடு 100 கிலோ வாங்கிக் காயவிட்டால் நிற்பது 93 கிலோ. அதைக் குத்தினால் அரிசி 60, 65 கிலோ அளவில். குற்றுக்கூலி வேறு. ஆக, களத்தில் நின்று "அரிசி விலை இவ்வளவு, உங்களுக்கு இத்தனை மூட்டை லாபம்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு தலையாட்டக் கூடாது. அரசு அறிவிக்கும் விலையை நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். 2025 பெப்ரவரியில் நெல் வகைப்படி கிலோவுக்கு நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய் என்று அறிவித்தார்கள். அது காய்ந்த நெல்லுக்கான விலை. பச்சை நெல் என்றால் குறைத்துப் பேசுவேன். வயல்காரர் அதற்குக் கோபிப்பதில்லை. ஈரம் தெரிந்தவன் என்று மதிப்புத்தான் கூடும்.

விடுதி அறைகளும் வந்திருக்கின்றன. நிலாவெளியில் ஒருவர் ஏசி சேர்விசுக்குப் பதிலாக ஆள் இல்லாத மாதங்களில் அறை தருகிறேன் என்றார். எனக்கு வீடு பக்கத்தில், கடலும் பார்த்துச் சலித்துவிட்டது. வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டேன், சரி என்றார். தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் அதில் படுத்தார்கள். கைமாற்ற முடியாத பொருள் என்றால் அதன் மதிப்பில் பாதியை நான் வெட்டிவிடுவேன்.

இவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது பழைய கொம்பிரசர்தான். "இந்தப் பழைய பிரிட்ஜை நீங்களே எடுங்கோ, கூலியில கழியுங்கோ" என்றால் பேச்சே வேண்டாம். உள்ளே செப்புச் சுருள், பின்னால் குழாய். பழைய இரும்புக் கடையில் தராசில் வைத்தால் அன்றைய விலைக்குக் கையில் காசு. புளிக்காது, நாறாது, மனைவியிடம் கேட்கவும் தேவையில்லை.

பொருளை விட எனக்குக் கஷ்டமாக இருப்பது முகத்தாட்சணை. காசு கொடுத்தவர் ரசீதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தயிர் கொடுத்தவர் உறவாகிவிடுவார். இரவு பத்து மணிக்கு "தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்று அழைப்பு வரும், மறுக்க முடியாது. மறுபக்கமும் உண்டு. ஒரு அம்மா என் வேலைக்கு முருங்கைக்காயும் தேங்காயும் கொடுத்தார். இரண்டு வாரத்தில் குளிர் குறைந்துவிட்டது, ஆனால் காசு கொடுக்கவில்லையே என்று வெட்கப்பட்டு அவர் என்னைக் கூப்பிடவேயில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் போனபோதுதான் தெரிந்தது. என் வேலையில் கசிவு இல்லை, கதவு றப்பர் பிடிக்கவில்லை, பத்து நிமிட வேலை. ஆனால் அதுவரை அவர் பால் கெட்டுக்கொண்டிருந்தது.

அதனால்தான் இப்போது எல்லாருக்கும் பில் எழுதுகிறேன். முழுத்தொகை ரூபாயில், அதன் கீழே "காசாகப் பெற்றது", "பொருளாகப் பெற்றது", பிறகு மூன்று மாத உத்தரவாதம். தேங்காய் கொடுத்தவருக்கும் அதே பில், அதே உத்தரவாதம். வருமான வரிக்கும் இது தேவை. பொருளாக வந்தாலும் சந்தை மதிப்பில் அது வருமானம்தான். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் என்பதால் என்னைப் போன்ற பலர் அதற்குள் அடங்கிவிடுவோம். இருந்தாலும் ஒரு நல்ல வருடத்தில் அதைத் தாண்டினால் தயிருக்குக் கணக்கு எங்கே என்று கேட்கும்போது முழிக்கக் கூடாது.

கடைப் பொடியனுக்குச் சம்பளம் மட்டும் எப்போதும் காசு. அதில் விட்டுக்கொடுப்பில்லை. அரிசி அவன் விரும்பினால், அதுவும் சந்தை விலையைவிடக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் எடுப்பான். தயிர் எடுக்கமாட்டான், தடிமன் பிடிக்குமாம்.

இந்தப் பெரும்போகத்தில் தம்பலகாமத்திலிருந்து மூட்டை வரவேண்டியிருக்கிறது. ஏசி வேலை கார்த்திகையிலேயே முடிந்தது. சம்பா என்றுதான் பேச்சு, நாடு வந்தால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் காசாகத் தர வேண்டும் என்று பில்லில் எழுதி அவரும் கையெழுத்து வைத்திருக்கிறார். காய வைக்கப் படங்கு யாருடையது என்பதுதான் இன்னும் பேசி முடியவில்லை.