ஏடிஎஃப் மாற்றிய பிறகு ஊளையிட்ட கியர்பாக்ஸ்: தொலைந்துபோன ஒரு ஓ-ரிங்

சத்தம் போய்விட்டது. நேற்று காலை, ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, கண்ணாடிகளை இறக்கி, ஏசி ஃபேனை அணைத்துவிட்டு, இரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே இல்லை. ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து 2000 ஆர்பிஎம் வரை ஏற்றினேன். அப்போதும் இல்லை. நான்கு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த சத்தம் அது.

வண்டி பழைய பின்சக்கர டிரைவ் ஆட்டோமேடிக். கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கிடையாது. அளவு பார்க்க பேனுக்குள் (கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டு) நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய்தான். சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டி. கியர் மாறுவதில் கொஞ்சம் சோம்பல் இருந்தது, அவ்வளவுதான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் டிரெய்ன் செய்து பார்த்தபோது ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெய்) கறுஞ்சிவப்பாக இருந்தது, ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று கை அரித்தது. பேனைக் கழற்றினேன், காந்தங்களில் சாம்பல் நிறப் பசைதான் இருந்தது. விரலில் தேய்த்தால் மாவு மாதிரி, செதில் எதுவும் தட்டுப்படவில்லை. நிம்மதி. எல்லாவற்றையும் துடைத்து, புது ஃபில்டர், புது கேஸ்கெட் போட்டு, வெளியே வந்த 3.8 லிட்டரையும் அளந்து அதே அளவு ஊற்றினேன். ஸ்டார்ட் செய்தேன்.

ஊஊஊய்ங்.

தண்ணீர் மோட்டார் காற்று எடுத்தால் ஒரு சத்தம் போடுமே, அதையே இரண்டு கட்டை மேலே ஏற்றிப் பாடினால் எப்படி இருக்கும், அது. ஆர்பிஎம் ஏறினால் கூடவே ஏறும், இறங்கினால் இறங்கும். பார்க்கில், நியூட்ரலில், டிரைவில், எல்லாவற்றிலும் ஒரே சத்தம். வண்டியின் வேகத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அதனால் டிஃபரென்ஷியல், பின்சக்கர பேரிங் எல்லாம் முதலிலேயே கணக்கிலிருந்து போய்விட்டன.

ஆனாலும் நேராக கியர்பாக்ஸ் மேல் பழி போடுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஆல்டர்னேட்டர் பேரிங், பவர் ஸ்டீயரிங் பம்ப் எல்லாம் இதே ராகத்தில் பாடக்கூடியவை. பெல்ட் இல்லாமல் பத்து விநாடி மட்டும் ஓடவிட்டேன் (வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான், அதற்கு மேல் ஓட்டக்கூடாது). சத்தம் அப்படியே இருந்தது. சும்மா இருக்கட்டும் என்று பெல்ட் ஐட்லர் புல்லியை (பெல்ட்டுக்கு வழிகாட்டும் சின்னச் சக்கரம்) கையால் சுற்றினேன். வறண்ட சரசரப்பு. அதை மனதில் குறித்துவைத்தேன், பிறகு மறந்தும் போனேன்.

அடுத்து நீளமான ஸ்க்ரூடிரைவர். பிடியைக் காதோரம் வைத்து, நுனியைப் பெல் ஹவுசிங்கில், அதாவது கியர்பாக்ஸின் என்ஜின் பக்க முனையில், வைத்தால் மண்டைக்குள் சங்கு ஊதுகிறது. பின்பக்க ஹவுசிங்கில் வைத்தால் தூரத்தில் கேட்கிறது. என்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு ஒட்டிப் பின்னால் இருப்பது ஆயில் பம்ப். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரைவில் போட்டேன். அப்போது கன்வெர்ட்டரின் டர்பைன் (கியர்பாக்ஸ் பக்கச் சக்கரம்) சுற்றாமல் நிற்கும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பேரிங் போயிருந்தால் சத்தம் மாறவேண்டும். மாறவில்லை. ஆக, பம்ப்தான். பம்ப் கெட்டுவிட்டதா, பம்ப் காற்றை உறிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. ஏடிஎஃப் மாற்றுவதற்கு முந்தைய நாள் வரை வாயைத் திறக்காத பம்ப் மறுநாள் கெட்டுப்போகாது. கை வைத்தவன் நான். தப்பு நான் தொட்ட இடத்தில்தான் இருக்கவேண்டும்.

இங்கே ஒரு வாரம் வீணாக்கினேன். ஏடிஎஃப் தப்பான வகையோ என்று சந்தேகம். கேனில் இருந்த எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். டெக்ஸ்ரான் என்ற ஏடிஎஃப் பெயரை ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்தது 1967-ல். அந்தக் காலத்து ஏடிஎஃப்களில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது என்பதெல்லாம் இந்தத் தேடலில்தான் மறுபடி கண்ணில் பட்டது. திமிங்கிலம் வரை போய்வந்தவனுக்கு பேனுக்குள் எட்டிப்பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள். ஏடிஎஃப் கையேடு கேட்ட அதே வகைதான். தப்பான வகையாக இருந்தால் கன்வெர்ட்டர் லாக்-அப் ஆகும்போது (என்ஜினோடு நேராகப் பூட்டிக்கொள்ளும்போது) அதிர்வு, கியர் மாற்றத்தில் உதைப்பு என்று வேறு ஏதாவது காட்டியிருக்கும். இங்கே கியர்கள் வெண்ணெய் மாதிரி விழுந்தன.

சரி, அளவு. இதில்தான் என் முதல் தப்பு.

ஓவர்ஃப்ளோ முறை தெரிந்ததுதான்: என்ஜின் ஓடவேண்டும், ஏடிஎஃப் 40 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும், செக் பிளக்கைத் திறந்தால் நூலாக வந்து சொட்டாக மாறும்போது மூடவேண்டும். நான் வெப்பநிலையை அகச்சிவப்பு கன்னால் பார்த்தேன். பேனில் சுட்டேன், 41 காட்டியது. பெருமையாகத் திறந்தேன். நல்ல தாரையாக வந்தது. சொட்டாகும் வரை விட்டுவிட்டு மூடினேன்.

அந்தப் பேன் வெறும் அலுமினியம். பளபளக்கும் உலோகத்தின் மேல் அகச்சிவப்பு கன்னை நம்பக்கூடாது. பளபளப்பான பரப்பு தன் வெப்பத்தைச் சரியாக வெளியிடாது, சுற்றுப்புறத்தின் வெப்பத்தைத்தான் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். பிறகு வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி கியர்பாக்ஸின் சொந்த சென்சாரைப் பார்த்தபோது, கன் 41 என்று சொல்லும் நேரத்தில் ஏடிஎஃப் 64 டிகிரி. அதே பேனில் ஒரு துண்டு கறுப்பு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் சுட்டால் 61. டேப் ஒட்டாத இடத்துக்கும் ஒட்டிய இடத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம்! ஸ்கேனர் இல்லாதவர்கள் டேப்பாவது ஒட்டிக்கொள்ளுங்கள்.

சூடான ஏடிஎஃப் விரியும். பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 9 லிட்டரை ஒட்டி. 25 டிகிரி அதிகமானால் 150 மில்லிக்கு மேல் உப்பும். அந்த உப்பலையெல்லாம் நான் “கூடுதல்” என்று நினைத்து வெளியே விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, திறப்பதற்கு முன் லீவரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய்க் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வரவேண்டும், அதையும் செய்யவில்லை. கிளட்ச் பாதைகள் நிரம்பாமல் பேனில் அளவு உயர்ந்து நின்றிருக்கும். வழிந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று; அளந்தால் 380 மில்லி. அத்தனையும் பெட்டிக்குள் இருக்கவேண்டியது.

டேப், ஸ்கேனர் சகிதம் மறுபடி நிரப்பினேன். 350 மில்லி போனது, 40 டிகிரியில் சொட்டு விழுந்தது. சத்தம் பாதியாகக் குறைந்தது. திருப்பத்திலும் பிரேக் போடும்போதும் எகிறிக்கொண்டிருந்த ஊளை சுத்தமாகப் போய்விட்டது. ஏடிஎஃப் பேனின் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது ஃபில்டர் வாய் வெளியே தெரிந்து காற்று எடுத்திருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும், ஊஊய்ங். முன்னளவு இல்லை, ஆனால் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஓடினால் மங்குகிறது, நன்றாகச் சூடானால் காணாமல் போகிறது. இரண்டு தப்பும் ஒரே குரலில் பேசியதால் ஒன்றைச் சரிசெய்ததும் எல்லாம் சரி என்று ஏமாந்திருக்கிறேன்.

இந்த முறை திமிங்கிலம் பக்கம் போகவில்லை. ஏடிஎஃப் ஆறியிருக்கும்போது கெட்டி. பம்ப் அதை இழுக்கச் சிரமப்படும்போது உறிஞ்சும் பாதையில் வெற்றிடம் அதிகம். அங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று உள்ளே வரும். சூடேறி இளகினால் சுலபமாக வரும், வெற்றிடம் குறையும், காற்றும் குறையும். மோட்டாரின் உறிஞ்சு குழாய் இணைப்பில் கசிவு இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. பேனுக்குள் அப்படி ஒரு இணைப்பு ஒன்றே ஒன்றுதான்: ஃபில்டர் கழுத்து வால்வ் பாடியில் (ஏடிஎஃப்பைக் கிளட்ச்களுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) ஏறும் இடம். அங்கே இருப்பது ஒரு ஓ-ரிங், கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் கழுத்தில் ஓ-ரிங் இல்லை. “ஏடிஎஃப்போடு டிரேயில் விழுந்திருக்கும்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிரேயைத் துழாவிப் பார்க்கவில்லை.

மறுபடி ஜாக் ஸ்டாண்ட், மறுபடி டிரெய்ன், மறுபடி பேன். வால்வ் பாடியிலிருந்து சொட்டுவது நிற்கட்டும் என்று ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். நிற்கவில்லை. காலையில் படுத்து மேலே பார்த்த உடனே இடது கண் இமையில் ஒரு சொட்டு. கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

ஃபில்டரை இறக்கினேன். புது ஓ-ரிங்கின் ஒரு பக்கம், நகம் வெட்டிய துண்டு மாதிரி, பிறை வடிவத்தில் சீவப்பட்டுத் தொங்கியது. துளைக்குள் பல் மருத்துவர் வைத்திருக்கும் மாதிரி சின்னக் கண்ணாடியை விட்டு டார்ச் அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை, உள்ளே எல்லாமே பழுப்பு, எல்லாமே ஈரம். சுண்டுவிரலை விட்டுத் தடவினேன். மேல் விளிம்பில் நகம் தட்டியது. பள்ளமா, மேடா? மேடு. சுற்றிலும் மேடு. பழைய ஓ-ரிங் ஐயா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வெப்பத்தில் இறுகி, சப்பையாகி, துளையின் நிறத்துக்கே மாறி. அதன் மேல்தான் நான் புது ஃபில்டரை ஏற்றி, நான்கு போல்ட்டையும் முறுக்கியிருக்கிறேன். கழுத்து முழுசாக ஏறாமல், புது ஓ-ரிங் கோணலாக நசுங்கியிருக்கிறது.

எடுக்க ஒரு மணி நாற்பது நிமிடம். இரும்புக் கொக்கி வைத்துக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் வரும், ஆனால் அலுமினியத் துளையில் ஒரு கீறல் விழுந்தால் புது ஓ-ரிங்கும் அந்தக் கீறல் வழியாகக் காற்று விடும், வாழ்நாள் முழுக்க ஊளை. பழைய டூத் பிரஷ் காம்பைச் சூடுகாட்டி, நுனியை வளைத்து, உப்புத்தாளில் தேய்த்து மெல்லிய நாக்கு மாதிரி ஆக்கினேன். முதல் காம்பு உடைந்தது. இரண்டாவது ஓ-ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தது. நெம்ப நெம்ப, டக் என்று பாதி வளையம் விழுந்தது. மீதிக்கு இன்னும் இருபது நிமிடம். இரண்டு துண்டையும் வெள்ளைத் துணியில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். முழு வட்டம் வந்தது, துணுக்கு எதுவும் உள்ளே தங்கவில்லை. விரல் நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி. ரப்பருக்கான எந்தக் குணமும் மிச்சமில்லை.

புது ஓ-ரிங்கைப் பற்றி ஒரு புலம்பல். ஃபில்டர் கிட்டோடு வந்ததை வெர்னியரில் அளந்தேன், கம்பித் தடிமன் 2.1 மில்லிமீட்டர். அசல் உதிரி பாகமாகத் தனியே வாங்கியது 2.4. இந்த 0.3 பார்வைக்கு ஒன்றுமில்லை. துளைக்குள் தள்ளிப் பார்த்தால் ஒன்று தொளதொளவென்று போகிறது, இன்னொன்று பிடித்துக்கொண்டு போகிறது. கிட் வாங்குங்கள், ஆனால் ஓ-ரிங்கை மட்டும் தனியாக வாங்குங்கள். கேஸ்கெட் நன்றாகவே இருந்தது, குறை சொல்லமாட்டேன்.

ஓ-ரிங்கில் ஏடிஎஃப் தடவி, கட்டைவிரலால் நேராகத் தள்ளினேன். கழுத்து போல்ட் உதவி இல்லாமல், கை அழுத்தத்திலேயே, ‘ப்ளக்’ என்று உட்கார்ந்தது. முதல் முறை அந்த ‘ப்ளக்’ கேட்கவில்லை. போல்ட் இழுத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். சாதா கிரீஸைத் தொடாதீர்கள், அது ஏடிஎஃப்பில் கரையாமல் வால்வ் பாடிக்குள் சுற்றும். பேன் போல்ட்டுகள் 7 நியூட்டன் மீட்டர்தான். மணிக்கட்டு பலத்தைக் காட்டினால் கேஸ்கெட் பிதுங்கும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு முறை மாற்றினால் பெட்டியில் சுமார் 40 சதவீதம்தான் புது ஏடிஎஃப். மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். வேண்டாவெறுப்பாக இரண்டாம் முறையும் வடித்து ஊற்றியதில் இப்போது 65 சதவீதம் புதுசு. மூன்றாவது முறை செய்தால் 80 வரும். அதற்கு டிரெய்ன் வாஷர் வந்து சேரவேண்டும். அதோடு கூலர் லைனில் காந்தம் வைத்த ஒரு இன்லைன் ஃபில்டர் போடும் எண்ணம். ஹோஸ் அளவு எடுத்தாயிற்று, கிளாம்ப் வாங்கியாயிற்று, எங்கே மாட்டுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. ரேடியேட்டர் பக்கமா, சேஸிஸ் ஓரமா? மாட்டியவர்கள் சொல்லுங்கள்.

நேற்று அந்த இரண்டு நிமிட அமைதியை அனுபவித்துவிட்டு பானட்டைத் திறந்து நின்றேன். கியர்பாக்ஸ் வாய் மூடியதும் இன்னொரு குரல் தெளிவாகக் கேட்கிறது. சரசர, சரசர. ஐட்லர் புல்லி.