அதே குறளி, வேறு பலவேசம்: லெவல் ஏற ஏற என்ன மாறுகிறது என்று ஆடிப் பார்த்தது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, டைஸ் உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை 2014-ல் வந்த விதிகளின்படி வீட்டுத் திண்ணையில் ஆடி வருகிறோம். ஊர் பாளையங்கோட்டை. கதையை நடத்தி எதிரிகளை ஆட்டுகிற டிஎம் நான். சித்தி மகன் ஃபைட்டர், அதாவது போர்வீரன், பாத்திரத்தின் பெயர் பலவேசம். அவன் தங்கைக்கு விஸார்ட், அதாவது மந்திரக்காரி, பெயர் இசக்கி. கோப்ளின் என்ற குள்ள அரக்கனை நாங்கள் குறளி என்றுதான் சொல்லுவோம். கதையும் தேரிக்காட்டுப் பக்கம் செம்மணலும் பனையுமாகத்தான் நடக்கும்.

இருவரும் ஐந்தாம் லெவலுக்கு வந்ததும் சித்தி மகன் ஒரு குறை சொன்னான். "அண்ணே, லெவல் ஏறுது, ஆனா ஏறுன மாதிரியே தெரியல. நான் ஏறுனா நீங்களும் பெரிய ஆளாப் பாத்து இறக்குதீய." அவன் சொன்னது நியாயம். நான் ஒவ்வொரு முறையும் அவன் பலத்துக்குச் சரிக்குச் சரியாக எதிரியைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் வளர்ச்சி எங்கே தெரியும்? அளவுகோலும் சேர்ந்தல்லவா நீளுகிறது. அதனால் எதிரியை மாற்றாமல் அதே குறளியை வைத்து, பலவேசத்தை மட்டும் ஒன்று, ஐந்து, பதினொன்று என்று மூன்று லெவலில் நிறுத்தித் தனியாக ஆடிப் பார்த்தேன். இரண்டு வாரம் ஆனது.

குறளிக்கு ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (தாங்கும் உயிர்ப்புள்ளி) 7, அடிக்க இருபது முக டைஸோடு +4, அடி விழுந்தால் ஆறு முக டைஸோடு 2. பலவேசம் வாளும் கேடயமும் பிடிப்பவன். டூயலிங் பாணி எடுத்திருப்பதால் ஒவ்வொரு அடிக்கும் 2 கூடும். குறளிகளுக்குப் புளியமுத்து வைத்தேன். தாயம் ஆட ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய முத்து வீட்டில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. முழு உடம்போடு நிற்கும் குறளிக்குக் கறுப்புப் பக்கம், அடி வாங்கி உயிரோடு நிற்பதற்கு வெள்ளைப் பக்கம். திண்ணையின் சிவப்புத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, பித்தளை உழக்கில் டைஸைக் குலுக்கி உருட்டினேன்.

முதலில் ஒன்றாம் லெவல், எதிரே நான்கு குறளி. பலவேசத்துக்கு ஹிட் பாயிண்ட் 12, ஏசி 18. அவன் +5-ல் அடிக்க இருபது முக டைஸில் 10 விழ வேண்டும். அடி பட்டால் எட்டு முக டைஸோடு 5. அந்த டைஸில் 1 விழுந்தால் மொத்தம் 6, குறளிக்கு இருப்பதோ 7. ஒரே ஒரு புள்ளி மிச்சம் வைத்துக்கொண்டு அது நிற்கும், நான் முத்தை வெள்ளைக்குப் புரட்டுவேன். அந்த ஒரு வெள்ளை முத்து அடுத்த சுற்றில் பலவேசத்தைச் சாய்த்தது இரண்டு முறை நடந்தது. பத்து முறை ஆடியதில் அவன் ஜெயித்தது இரண்டே ஆட்டம்.

அடுத்து ஐந்தாம் லெவல். பலம் 18, அடிக்க +7, ஒரு முறைக்கு இரண்டு அடி, ஹிட் பாயிண்ட் 44, பிளேட் கவசம் வாங்கிவிட்டதால் ஏசி 20. இப்போது அடி எட்டு முக டைஸோடு 6. டைஸில் 1 விழுந்தாலும் மொத்தம் 7, குறளி காலி. அன்றைக்கு முழுவதும் தரையில் ஒரு வெள்ளை முத்துகூட இல்லை! இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஆடிக்கொண்டே இருக்கும்போது, முத்தைப் புரட்டவே இல்லையே என்று திடீரென்று உறைத்தது. பலம் 16-லிருந்து 18 ஆனது தாளில் வெறும் +1. இங்கே அந்த +1 தான், பட்ட அடி ஒவ்வொன்றையும் சாவு அடியாக மாற்றியிருக்கிறது.

சரி, இனிக் குறளி ஒரு பொருட்டே இல்லை என்று பன்னிரண்டை இறக்கினேன். வெட்டவெளி. சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தில் எட்டு, மிச்சம் நான்கு மேட்டில் வில்லோடு. ஏசி 20-ஐத் தொடக் குறளிக்கு 16 விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 25. ஒன்றாம் லெவலில் ஏசி 18 இருந்தபோது அதுவே 35. குறைந்த பத்தும் கவசத்துக்குக் கொடுத்த காசால் குறைந்தது, லெவலால் இல்லை. மூன்றாம் சுற்று முடியும்போது எட்டு முத்து நின்றது, பலவேசம் விழுந்து கிடந்தான். அளவு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று, இழந்த புள்ளியை மீட்கும் செகண்ட் விண்ட், கூடுதலாக ஒரு முறை செயல்பட விடும் ஆக்‌ஷன் சர்ஜ் இரண்டையும் தொடாமல் ஆடியது அது. அவற்றைப் பயன்படுத்தியபோது இன்னொரு சுற்று தாக்குப்பிடித்தான். கல்மண்டப வாசலில் நிறுத்தி, முன்னால் ஒன்றுதான் வர முடியும் என்று வைத்தபோது ஜெயித்தான்.

பதினொன்றாம் லெவலில் அதே வெட்டவெளி, அதே பன்னிரண்டு. கவசம் அதேதான், குறளிக்கு இன்னும் அதே 25 தான். ஆனால் பலவேசத்துக்கு மூன்று அடி, அடிக்க +9, ஹிட் பாயிண்ட் 92. சுற்றுக்குச் சராசரி இரண்டுக்கு மேல் விழுகிறது. ஐந்து ஆறு சுற்றில் தரை காலி, அவனிடம் பாதிக்கு மேல் மிச்சம். அடி படாமல் தப்பிப்பதில் இந்தப் பதிப்பில் வளர்ச்சி அதிகம் இல்லை. பட்டாலும் நிற்பதில் இருக்கிறது, எதிரே அடிக்கிற கைகளைச் சீக்கிரம் குறைப்பதில் இருக்கிறது. 1978-ல் வந்த விதிகளில் இதை நேராகவே எழுதி வைத்திருந்தார்கள்: ஒரு ஹிட் டைஸுக்கும் (எதிரியின் உயிர்ப்புள்ளிக்கு உருட்டும் டைஸ்) குறைந்த எதிரி என்றால் ஃபைட்டருக்கு எத்தனை லெவலோ அத்தனை அடி. கோப்ளின் அந்தக் கணக்கில்தான் வரும். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்திருக்கிறது.

இசக்கியின் கதை வேறு. ஐந்தாம் லெவலில் அவளுக்கு ஃபயர்பால் என்ற தீக்குண்டு மந்திரம் வந்துவிடுகிறது. ஆறு முக டைஸ் எட்டு, எல்லாவற்றிலும் 1 விழுந்தால்கூட மொத்தம் 8. சேவ் (தப்பிக்க உருட்டும் டைஸ்) தவறிய குறளி பிழைக்க வழியே இல்லை. சேவ் போட்டுப் பாதி வாங்கினாலும் அநேகமாகச் சாவுதான். கூட்டமாக நின்றால் பன்னிரண்டும் ஒரே முறையில். அதனால் நான் குறளிகளைப் பனைக்கு ஒன்றாகப் பிரித்து நிறுத்தக் கற்றுக்கொண்டேன். அம்பு விட்டுவிட்டு அதே முறையில் மறுபடி ஒளிந்துகொள்ளவும் அவற்றால் முடியும்.

அனுபவப் புள்ளியும் பார்த்தேன். ஒரு குறளிக்கு 50. தனியாளாக ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக ஆறு போதும். ஐந்திலிருந்து ஆறுக்கு 150 குறளி வேண்டும். குறளி அடித்தே லெவல் ஏறலாம் என்று யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் குறளி திரும்ப வருவது புள்ளிக்காக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே குறளிகளை உண்மை ஆட்டத்தில் திரும்ப இறக்கினேன். அவர்களுடைய முதல் நாள் ஆட்டத்தில் நான்கு குறளி பலவேசத்தைச் சாய்த்துப் போட, இசக்கிதான் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அதே பனங்காடு, அதே சாயுங்கால வெளிச்சம், நான்கு கறுப்பு முத்து. அன்றைக்குச் சொன்ன வர்ணனையை நோட்டைப் பார்த்து வார்த்தை மாறாமல் வாசித்தேன். சித்தி மகன் கட்டத்தையே உற்றுப் பார்த்தான். "அண்ணே, அன்னைக்கு நம்மள அடிச்சுப் போட்டானுவளே, அவனுவளா?" ஆமா என்றேன். தங்கை மந்திரம் எதுவும் போடவில்லை. "நீயே பாத்துக்க" என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

மூன்று சுற்றில் மூன்று முத்தை எடுத்தேன். நான்காவது பனை மறைவிலிருந்து வெளியே வந்து ஓடியது. அடிக்கிற தூரம்தான், அவன் முறைதான். டைஸை உழக்கில் போட்டுக் குலுக்கியவன், உருட்டாமல் கீழே வைத்தான். "போட்டும்ணே, போயி சொல்லட்டும்" என்றான். அந்த முத்தைத் தனியாக ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பதினொன்றாம் லெவலில் அது ஆளைக் கூட்டிக்கொண்டு வரும்.